வாடகை ஃபிளாட்டில் கார்ப்பெட்: முன்பின் போட்டுப் பழகாதவர் தானே போடலாமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 18

பினாங்கு புக்கிட் கெலுகோர் பக்கம் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். 650 சதுர அடி, தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். மனைவி, இரண்டரை வயதுப் பையன். நாற்காலி இழுக்கிற சத்தமும் பையன் ஓடுகிற சத்தமும் தாங்கவில்லை என்று கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே வந்து சொல்லிவிட்டார். நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை, அதனால்தான் இன்னும் சங்கடமாக இருக்கிறது. ஆள் வைத்துப் போட இப்போது வசதியில்லை. ஒரு ரோல் கார்ப்பெட் வாங்கி நானே சுவருக்குச் சுவர் விரித்துவிட முடியுமா? இந்த ஊர் வெக்கைக்குக் கார்ப்பெட்டே கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில், 2024 பிப்ரவரி 18, இரவு

போடலாம் தம்பி. ஆனால் ரோல் வாங்காதீர்கள். 50 சென்டிமீட்டர் சதுரமாகப் பெட்டியில் அடுக்கி வருமே, அந்தக் கார்ப்பெட் டைல் வாங்குங்கள். அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள்.

சுவருக்குச் சுவர் போடும் கார்ப்பெட்டைச் சும்மா விரித்துவிட முடியாது. சுவரோரமாக முள் பதித்த மரப்பட்டிகளைத் தரையில் ஆணியடித்து, முழங்காலால் உதைத்துத் தள்ளும் ஒரு கருவியால் கார்ப்பெட்டை இழுத்து அந்த முட்களில் மாட்டுவார்கள். உங்கள் தரையில் அந்த ஆணியை அடித்தால் டைல்ஸ் விரியும், வீட்டுக்காரர் டெபாசிட்டில் கை வைப்பார். இழுக்காமல் விரித்தாலோ, ஈரக்காற்றில் கார்ப்பெட் உப்பி நடுவில் அலை அலையாக எழும்பும். பையன் தடுக்கி விழுவான். இன்னொன்றும் உண்டு: ரோலின் வழக்கமான அகலம் 12 அடி. அவ்வளவு நீளக் குழாய் உங்கள் லிஃப்ட்டில் நிற்குமா என்று முதலில் பாருங்கள்.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். அம்மா வாக்கர் பிடித்து நடப்பவர். இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் டைல்ஸில் டக் டக் என்று கீழ் வீடு வரை கேட்கும். கீழே இருப்பவர் ஷிப்ட் வேலை செய்கிறவர், தூங்குகிற நேரமே கொஞ்சம். அதற்காகத்தான் அம்மாவின் அறையிலும் நடைவழியிலும் கார்ப்பெட் டைல் போட்டேன். நானேதான் போட்டேன், அதற்கு முன் ஒரு தரைவிரிப்பைக்கூட வெட்டியதில்லை.

2024 பிப்ரவரி 20

வெக்கை பற்றிக் கேட்டீர்கள். கார்ப்பெட்டுக்கு எதிரி வெக்கை இல்லை, ஈரம். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே தூசி படிந்த இடங்களில் பூஞ்சணம் வரத் தொடங்கும். அதனால் "கூடாது" என்கிறவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. என் முடிவு வேறு: போடலாம், ஆனால் தூக்கி எடுக்க முடிகிற மாதிரி போட வேண்டும். நனையும் என்று வைத்துக்கொண்டே போட வேண்டும். நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுக்கக் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பெட்டின் அடிப்பக்கத்தை அந்த நேரத்துக்குள் எப்படிக் காய வைப்பீர்கள்? டைல் என்றால் நனைந்த நாலைந்தை உருவி பால்கனி கிரில்லில் சாய்த்து வைத்தால் போதும்.

நூல் எது என்று பார்த்து வாங்குங்கள். நைலான் நன்றாக உழைக்கும், நடந்து நடந்து படிந்தாலும் ஓரளவு எழுந்து நிற்கும். பாலிப்ராப்பிலீன் மலிவு, தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. ஆனால் சீக்கிரம் படிந்துவிடும், எண்ணெயை விடாது. முதுகு, அதாவது டைலின் அடிப்பக்கம், சணலாக இருப்பதும் ஃபெல்ட் துணியாக இருப்பதும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதுகு பிவிசியாகவோ தார் போன்ற பிட்டுமனாகவோ இருக்கட்டும்.

சமையலறை, பாத்ரூம் வாசல், வாஷிங் மெஷின் பக்கம், மழைச்சாரல் அடிக்கிற பால்கனிக் கதவோரம்: இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம்.

2024 பிப்ரவரி 21

விட்டுப்போனது: பாத்ரூம் சுவரை ஒட்டிய அறையாக இருந்தால் முதலில் தரையைச் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளியோ கறுத்த ஈரமோ இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதையும் மேலே போடாதீர்கள்.

2024 மார்ச் 3

எத்தனை டைல் வாங்குவது என்ற கேள்விக்குப் பலர் பதில் எழுதிவிட்டார்கள். பரப்பளவைக் கணக்கிட்டு 10 சதவீதம் கூடச் சேர்த்துக்கொள் என்கிறார்கள். பெரிய கூடத்துக்கு அது சரி. சின்ன அறைக்குப் போதாது. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

10க்கு 11 அடி அறை. 3.05 மீட்டருக்கு 3.35 மீட்டர். பரப்பு 10.2 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 4 டைல், ஆக 41. பத்து சதவீதம் சேர்த்தால் 45. இப்போது உண்மையில் பரப்பிப் பாருங்கள். 3.05 மீட்டர் பக்கத்தில் ஒரு சுவரிலிருந்து தொடங்கினால் 6 முழு டைல், கடைசியில் 5 சென்டிமீட்டர் துண்டு. அந்தத் துண்டு நிற்காது, துடைப்பம் பட்டாலே எழும்பும். அதனால் நடுவிலிருந்து தொடங்கி 5 முழு டைல், இரு ஓரத்திலும் 27.5 சென்டிமீட்டர் என்று வைக்க வேண்டும். 27.5 பாதிக்கு மேல், ஒரு டைலிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். மற்றப் பக்கம் 3.35 மீட்டர்: 6 முழு டைல், இரு ஓரத்திலும் 17.5. அங்கே ஒரே டைலில் இரண்டு துண்டும் கிடைத்துவிடும். மூலைத் துண்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் 49 வருகிறது, 45 இல்லை. பெட்டிக்கு 20 டைல் என்றால் மூன்று பெட்டி, 11 மிச்சம். அந்த மிச்சம் வீணில்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தனியாகப் பத்து டைல் வாங்கப் போனால் அதே சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் ஏற்றியது) கிடைக்காது, நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். வாங்கும்போதே மூன்று பெட்டியிலும் தொகுதி எண் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

காகிதத்தில் கட்டம் போட்டு அறையை வரைந்து எண்ணுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்கு நோட்டு போதும்.

2024 மார்ச் 4

ஒருவர் 24 அங்குல டைல் வைத்திருக்கிறாராம், என் கணக்கு அவருக்குப் பொருந்தவில்லை என்கிறார். பொருந்தாது. 24 அங்குலம் என்றால் 61 சென்டிமீட்டர். அதே அறை 10 அடிப் பக்கத்தில் சரியாக ஐந்து டைல், ஓர வெட்டே தேவையில்லை. பழைய வீடுகள் அடிக் கணக்கில் கட்டியவை, அங்கே 24 அங்குலம் கிடைத்தால் அதுதான் லாபம். சுவரின் பூச்சுக் கனத்தையும் கழித்து அளந்துகொள்ளுங்கள்.

2024 மார்ச் 17

நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. பெருநாள் மலிவு விற்பனைக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைத்தெருவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார் கோலாலம்பூர் நண்பர் ஒருவர். விரிப்பு வேண்டுமென்றால் போங்கள், தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். நான் பார்த்த கடைகளில் விரிப்பும் ரோலும்தான் அதிகம், டைல் பெட்டி இல்லை. டைலுக்கு அலுவலகத் தரை விற்கிறவர்களிடம் கேட்பது நல்லது. அவர்களிடம் பழைய ஆர்டரில் மிஞ்சிய பெட்டிகள் கிடக்கும், ஒரு ஃபிளாட் அறைக்கு அது தாராளம்.

பழைய டைலைப் பற்றியும் கேட்டார். அலுவலகம் காலி செய்யும்போது பெயர்த்தவை மலிவாகக் கிடைக்கின்றன. நடைவழிக்கு வாங்கலாம். படுக்கையறைக்கு வாங்காதீர்கள். பல வருஷத் தூசியும், அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணியும் அதற்குள் இருக்கும், நம் வீட்டு வாக்குவம் அதை முழுக்க எடுக்காது.

2024 மார்ச் 24

புக்கிட் கெலுகோர் தம்பி பெட்டி வாங்கிவிட்டாராம், அடுத்த சனிக்கிழமை போடுகிறாராம். அதனால் போடும் முறையை இங்கே முழுக்க எழுதிவிடுகிறேன்.

முந்தின நாளே பெட்டிகளைப் பிரித்து டைல்களை அந்த அறையிலேயே வையுங்கள். 24 மணி நேரமாவது அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். புது வாசனை வரும், பெரும்பாலும் முதுகிலுள்ள பொருளிலிருந்து வருவது. ஜன்னலைத் திறந்து காற்றாடியைப் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாளில் குறையும். அதுவரை பையனை அந்த அறையில் தூங்க வைக்காதீர்கள்.

தரையைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். எதிரெதிர் சுவர்களின் நடுப்புள்ளியை அளந்து, சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துத் தட்டினால் நேர்க்கோடு விழும். கொத்தனார்கள் நூல் அடிப்பார்களே, அதுதான். குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் செங்கோணமாக இருக்க வேண்டும்: ஒரு கோட்டில் 90 சென்டிமீட்டர், மற்றதில் 120 சென்டிமீட்டர் குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையில் சரியாக 150 வருகிறதா பாருங்கள். சுவரை நம்பாதீர்கள். ஃபிளாட் சுவர்கள் நேராக இருப்பதே அபூர்வம், எங்கள் வீட்டில் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவில் இரண்டு விரல் சாய்வு இருக்கிறது.

ஒவ்வொரு டைலின் முதுகிலும் ஓர் அம்புக்குறி இருக்கும், நூல் சாய்ந்திருக்கும் திசையைக் காட்டுவது. எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்தால் தரை ஒரே விரிப்பு மாதிரி தெரியும். ஒன்று விட்டு ஒன்றைத் திருப்பி வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். முதல்முறை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது கட்டம். இடுக்கில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

நடுவிலிருந்து தொடங்கி, இடிக்காமலும் இடைவெளி விடாமலும் பக்கத்துக்குப் பக்கம் வையுங்கள். ஒட்ட வேண்டாம், சும்மா வைத்தாலே போதும். வைக்கும்போது நூல் இடுக்கில் மாட்டாமல் விரலால் ஒதுக்கிவிடுங்கள். ஓரத்துக்கு அளவுகோலே வேண்டாம்: சுவருக்கு முந்தின கடைசி முழு டைலின் மேல் புது டைலை அப்படியே பொருத்தி வையுங்கள். அதன் மேல் இன்னொரு டைலைச் சுவரில் முட்ட வையுங்கள். மேல் டைலின் உள்பக்க விளிம்பு விழுகிற இடத்தில் நடு டைலின் இரு விளிம்பிலும் குறித்து வெட்டினால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு ஓரத்தில் கச்சிதமாக உட்காரும். சுவர் கோணலாக இருந்தாலும் கோணலோடு சேர்ந்தே அளவு வந்துவிடும். வெட்டிய பக்கம் சுவரைப் பார்க்கட்டும், கம்பெனி விளிம்பு அடுத்த டைலைப் பார்க்கட்டும்.

முதுகிலிருந்துதான் வெட்ட வேண்டும். அகலமான 18 மில்லிமீட்டர் பிளேடு கட்டரும் இரும்பு ஸ்கேலும் போதும். சின்னப் பேனாக்கத்தி முறியும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் முதலில் லேசாக ஒரு கோடு, பிறகு அதே கோட்டில் இரண்டு இழுப்பு. நாலைந்து டைலுக்கு ஒருமுறை பிளேடின் நுனியை உடைத்துவிடுங்கள். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையை அறுக்கும். அடியில் பழைய பலகை வையுங்கள், வீட்டுக்காரர் டைல்ஸில் கோடு விழக்கூடாது.

2024 மார்ச் 24, கொஞ்சம் கழித்து

கதவு! போடுவதற்கு முன் ஒரு டைலைக் கதவுக்கு அடியில் தள்ளி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பெரும்பாலான டைல் 6 மில்லிமீட்டர் கனம், உரசினால் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். வாடகை வீட்டில் சீவ வேண்டாம். கதவு சுழலும் அளவுக்குத் தரையை வெறுமையாக விட்டு, டைல் முடியும் விளிம்பில் அலுமினியப் பட்டி ஒட்டிவிடுங்கள்.

2024 ஏப்ரல் 1

புக்கிட் கெலுகோர் தம்பி போட்டுவிட்டார்! படத்தைப் பார்த்தேன், ஜன்னல் பக்க ஓரம் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு தட்டு பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, இப்போது சத்தம் எப்படி என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் அளவு.

2024 ஏப்ரல் 6

மேல் வீட்டுச் சத்தத்துக்கு நான் கார்ப்பெட் போட்டால் குறையுமா என்று கேட்டவருக்கு: குறையாது. கார்ப்பெட் தடுப்பது அதன் மேல் விழுகிற தட்டு, மிதி, இழுப்பு. அது மேல் வீட்டுத் தரையில் இருந்தால்தான் உங்களுக்குப் பயன். டிவி சத்தம், பேச்சுச் சத்தத்துக்கும் பெரிய மாற்றம் இருக்காது. மேல் வீட்டாரிடம் நல்லபடியாகப் பேசி, நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டு வாங்கிக் கொடுங்கள்.

2024 மே 12

மகளுக்கு ஆஸ்துமா, போடலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். வேண்டாம்மா. இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தைத்தான் உடம்பில் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது காய்ந்து சாகும். நம் ஊரில் அப்படிக் காய்வதற்கு வழியே இல்லை. கார்ப்பெட் அதற்கு வசதியான வீடு. சத்தம்தான் பிரச்சினை என்றால் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைக்க முடிகிற பருத்தி விரிப்பு போடுங்கள். 55 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் உண்ணி செத்துவிடும்.

2024 ஜூலை 7

ஏர்கான் உள்ள அறையில் போட்டவர்கள் கவனிக்க. இரவெல்லாம் 18 டிகிரியில் வைத்துவிட்டு விடிந்ததும் ஜன்னலைத் திறக்கிற பழக்கம் பல வீட்டில் உண்டு. இங்கே வெளிக்காற்றிலிருக்கும் நீராவி ஏறக்குறைய 24 டிகிரியிலேயே குளிர்ந்து நீராக மாறும். அதைவிடக் குளிர்ந்த தரையில் அந்தக் காற்றுப் பட்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் வேர்க்கும். 25இல் வையுங்கள். காலையில் ஏர்கானை நிறுத்தி, அறை தானாகச் சூடேறிய பிறகு ஜன்னலைத் திறங்கள்.

இன்னொன்று, ஏர்கான் உள்யூனிட்டுக்கு நேர் கீழே இருக்கிற டைல்களை எதனாலும் ஒட்டாதீர்கள். எங்கள் வீட்டில் போன வாரம் வடிகால் குழாய் அடைத்து இரவெல்லாம் சொட்டியிருக்கிறது, காலையில் அம்மாதான் காலில் ஈரம் படுகிறது என்றார். அந்த வரிசையை உருவி, தரையைத் துடைத்து, டைல்களைத் துவைத்து கிரில்லில் சாய்த்துவைத்தேன். மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிட்டது. அடியில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

2024 ஆகஸ்ட் 18

ஒட்டுவது பற்றி நான் முன்பு சொன்னதை இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். சும்மா வைத்தாலே போதும் என்பது படுக்கையறைக்குச் சரி. அங்கே கட்டிலும் அலமாரியும் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. நடைவழி வேறு. அம்மாவின் வாக்கர் ஒவ்வொரு அடிக்கும் டைலை முன்னால் தள்ளுகிறது, மாதங்கள் போகப் போக இடுக்கு விழுகிறது. வயதானவர் நடக்கிற இடத்தில் அரை சென்டிமீட்டர் இடுக்கும் ஆபத்து.

இதற்கு இரண்டு வழி. நாலு டைலின் மூலைகள் சேரும் இடத்தில், ஒட்டும் பக்கம் மேலே பார்க்க வைக்கும் சதுர ஸ்டிக்கர் ஒன்று. அது டைலை டைலோடு சேர்க்கும், தரையைத் தொடாது. வாடகை வீட்டுக்கு இதுதான். மற்றது, காய்ந்த பிறகும் பிசுபிசுப்புப் போகாத அக்ரிலிக் பசை. ரோலரால் மெல்லிசாகத் தடவி, பால் நிறம் போய்த் தெளிவான பிறகு டைலை வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். சொந்த வீடு என்பதால் நடைவழியில் இதைத் தடவினேன். இப்போது வாக்கர் தள்ளினாலும் அசையவில்லை, விளிம்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது.

வாக்கர், சக்கர நாற்காலி உள்ள வீட்டில் குட்டையான வளைய நூல் டைல்தான் வாங்க வேண்டும். மெத்தென்று காலில் புதைகிறது என்று விற்கிறவர் காட்டுவார். அந்த மெத்தென்பதில்தான் வாக்கரின் கால் சிக்கும்.

2024 அக்டோபர் 20

தீபாவளி நெருங்குகிறது. சாமி மாடம் இருக்கிற மூலையில் டைல் போட்டவர்கள் இப்போதே ஒரு வரிசையை எடுத்துவிடுங்கள். குத்துவிளக்கு எண்ணெய் பாலிப்ராப்பிலீனில் சொட்டினால் போகாது. சாம்பிராணிக் கரி அதைவிட மோசம்: பாலிப்ராப்பிலீன் 165 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், கரி அதைவிடப் பல மடங்கு சூடு. ஒரு பொறி விழுந்தாலே கறுத்த ஓட்டை. தட்டைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் புகை காட்டுகிறவர்கள் கார்ப்பெட் உள்ள அறையில் வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

எண்ணெய் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள், துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவுக்கு. போகாவிட்டால் அந்த ஒரு டைலைக் கட்டிலுக்கு அடியிலிருக்கும் நல்ல டைலோடு மாற்றிவிடுங்கள். மிச்சம் வைத்த புது டைலைப் போட்டால் புதுசு தனியாகப் பளிச்சென்று தெரியும். கட்டிலுக்கு அடியில் இருப்பதும் அதே வருஷத் தூசி கண்டது, நிறம் சேரும்.

2024 நவம்பர் 24

வீடு மாறும்போது என்ன செய்வது என்று புக்கிட் கெலுகோர் தம்பி கேட்டிருக்கிறார். ஸ்டிக்கர்தானே போட்டீர்கள், கழற்றிப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போங்கள். நூல் பக்கம் நூலோடும் முதுகு முதுகோடும் பார்க்க அடுக்குங்கள், படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் வளையும், வளைந்த டைல் மூலை பிறகு உட்காராது. வெட்டிய ஓரத் துண்டுகள் புது வீட்டில் பொருந்தாது, அவை நாற்காலிக்கு அடியில் போட உதவும். டைல் இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸின் மேல் சாம்பல் நிறத்தில் தூசிக் கட்டம் தெரியும், மாப் போட்டாலே போய்விடும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, மாறுவதாக இருந்தால் அந்த மாதங்களில் மாறுங்கள். லாரியிலிருந்து இறக்கும்போது டைல் நனையாமல் இருக்கும்.